கல்லூரி மாணவரும் சாப்பாட்டுப் பந்தியும்

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் நம் காலனிக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் சிலர் மேற்படிப்பின் பொருட்டு வெளியூர் செல்கின்றனர். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், சம்பளம் எவ்வளவு என்பனவெல்லாம் பல நாள் பேசி முடிவு செய்யப்படுகின்றன. பெட்டி கட்டும் இரவில் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அங்கே சாப்பாடு எப்படி?" என்பதே அது. கல்லூரியார் அனுப்பும் விடுதிப் படிவத்திலும் அக்கேள்வி வேறு உருவில் காணப்படுகிறது. சைவமா, அசைவமா? தென்னாட்டு உணவா, வடநாட்டு உணவா? மாதக் கட்டணமா, கூப்பனா? நாமும் ஏதோ ஒரு கட்டத்தில் கோடு கிழித்து அனுப்பிவிடுகிறோம். அந்தச் சிறு கோட்டிற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அவ்வரலாற்றில் பசி உண்டு, பிடிவாதம் உண்டு, பெரியோர் கண்ணீரும் உண்டு.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வே உத்தியோகத்தில் அமர்ந்தவன். கல்லூரி விடுதியில் உண்ட அனுபவம் எனக்கு இல்லை. ஆயினும் மணமாகுமுன் நாங்கள் எண்மர் ஒரே குவார்ட்டர்ஸில் தங்கி, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி மெஸ் நடத்தியதுண்டு. கணக்குப் புத்தகம் என் வசம் இருந்தது. ஆகவே இப்பொருள் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

'மெஸ்' என்னும் சொல்லே பயணம் பல செய்து நம்மிடம் வந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அதற்கு உண்கலத்தில் இடப்படும் ஒரு பங்கு என்பது பொருள். ஆங்கிலத்துள் புகுந்தபின் ஒன்றாக அமர்ந்து உண்ணும் சிறு கூட்டத்திற்கு அது பெயராயிற்று. லண்டனில் வழக்கறிஞர் பயிலும் சட்டச் சங்கங்களில் நால்வர் சேர்ந்தது ஒரு மெஸ். பட்டாளத்தார் அச்சொல்லை இந்தியாவிற்குக் கொண்டு வந்தனர். இன்று நம் ஊர்த் தெருக்களில் வாழையிலையும் வத்தக்குழம்பும் அப்பெயர்ப் பலகையின் கீழ் விலையாகின்றன.

அந்த நால்வர் மெஸ்ஸில் அமர்ந்து உண்ட ஓர் இந்திய மாணவரிடமிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் நாள் மோகன்தாஸ் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் பம்பாயில் கப்பலேறினார். புலால் உண்பதில்லை, மது அருந்துவதில்லை, பிற மாதரைத் தீண்டுவதில்லை என்று பேசர்ஜி ஸ்வாமி என்னும் ஜைனத் துறவியின் முன்னிலையில் அன்னையாருக்கு வாக்களித்த பின்னரே பயணத்திற்கு அனுமதி கிடைத்தது. கப்பலில் எது சைவம், எது அசைவம் என்று பரிசாரகரைக் கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டிலிருந்து கொண்டு போன இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே தின்று காலம் கழித்தார். லண்டனில் தங்கிய வீட்டிலோ காலையில் கஞ்சி கிடைத்தது. மற்ற வேளைகளில் கீரையும் ரொட்டியும் பழப்பாகும் இடப்பட்டன. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க நா எழவில்லை. வீட்டுக்கார அம்மையாரின் பெண்கள் இருவர் இரங்கி மேலும் ஒரு துண்டு வைப்பார்களாம்; அதுவும் போதவில்லை. நல்ல உடம்புள்ள வாலிபர் அரை வயிறாகக் கிடந்தார். "இங்கே யாருக்குத் தெரியப் போகிறது? மாமிசம் சாப்பிடு" என்று வற்புறுத்திய நண்பரும் உண்டு. வாக்கு வாக்குதான் என்று அவர் மறுத்துவிட்டார்.

சைவ உணவகம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் அந்நகர வீதிகளில் அவர் நடந்தார். ஒரு நாள் ஃபாரிங்டன் வீதியில் அத்தகைய உணவகம் ஒன்று கண்ணிற்பட்டது. வாயிற்படியருகே கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில் ஸால்ட் என்பார் புலால் மறுத்தலைப் பற்றி எழுதிய சிறு நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் உணவு அன்றுதான் கிடைத்தது. அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்கினால் புலால் மறுத்தவர், அந்நூலைப் படித்தபின் தம் அறிவின் துணிபால் மறுப்பவரானார். பின்னர் தனி அறை எடுத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சி, உணவுச் செலவை நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸுக்குள் அடக்கினார். ஊரிலிருந்து வரவழைத்த இனிப்பும் மசாலைப் பொருள்களும் நின்றுபோயின. நம் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் மிளகாய்ப் பொடிப் பார்ஸல் அனுப்பும் தாய்மார்கள் இதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. அவர் அவராகவே விட்டார், எவரும் நிறுத்தவில்லை.

அக்காலப் பாரிஸ்டர் படிப்பில் உணவே ஒரு பாடமாக இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். பரீட்சையில் தேறினால் மட்டும் போதவில்லை. பன்னிரண்டு பருவங்கள், அதாவது ஏறக்குறைய மூன்றாண்டுகள், சங்கத்தின் விருந்து மண்டபத்தில் 'உண்டு கழிக்க' வேண்டியிருந்தது. ஒரு பருவத்தில் நடந்த இருபத்துநான்கு விருந்துகளில் ஆறுக்காவது வந்து, முடியும்வரை இருந்தாக வேண்டியிருந்தது. உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பமாக இருந்தது. கட்டணம் இரண்டரை ஷில்லிங் முதல் மூன்றரை ஷில்லிங் வரை இருந்தது. மாணவர் தொகை குறைவாயிருந்த பழங்காலத்தில் மூத்த வழக்கறிஞர்களோடு ஒரே மேசையில் உண்டு உரையாடி, உலகியலும் நாநயமும் கற்றுக்கொள்வதற்கென்றே இம்முறை ஏற்பட்டது. காந்தியடிகள் காலத்தில் மூத்தோருக்குத் தனி மேசை வந்துவிட்டபடியால் அதன் உயிர் போய்விட்டது. உடல் மட்டும் எஞ்சியது. நால்வருக்கு இரண்டு புட்டி மது வைப்பார்கள். காந்தி மது அருந்தாதவராகையால் அவரைத் தத்தம் மெஸ்ஸில் சேர்த்துக்கொள்ளப் பலரும் போட்டியிட்டனராம். மூவர்க்கு இரண்டு புட்டி கிடைக்குமல்லவா? அவர் உண்டதோ ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவை மட்டுமே. சைவரான பார்ஸி மாணவர் ஒருவரும் அவரும் சேர்ந்து, மூத்தோர் மேசைக்குச் செல்லும் காய்கறிகளையும் பழங்களையும் தமக்கும் தருமாறு விண்ணப்பித்தனர். சங்கத்தார் இணங்கினர். இரு மாணவர் எழுத்து மூலம் கேட்டு ஒரு பழம்பெரும் நிறுவனத்தின் உணவுமுறையில் தமக்கென ஒரு மாறுதல் பெற்ற இச்செய்தியை வார்டனிடம் பேசத் தயங்கும் நம் பிள்ளைகள் அறிதல் நலம்.

பசி அவரைத் தனிமைப்படுத்தவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தாம் வசித்த பேஸ்வாட்டர் பகுதியில் சைவ உணவாளர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். டாக்டர் ஓல்டுபீல்டு தலைவர், கவிஞர் சர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர், காந்தி செயலாளர். கூட்டம் கூட்டுதல், குறிப்பு எழுதுதல், கருத்து மாறுபட்டோருடன் இணைந்து வேலை செய்தல் ஆகியவற்றின் முதற்பயிற்சி அவருக்குச் சாப்பாட்டு விஷயத்தில்தான் கிட்டியது.

இனி நம்மவர் ஒருவரைக் காண்போம். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறி ஏப்ரல் நடுவில் இங்கிலாந்தை அடைந்தார். சில வாரங்கள் நெவில் என்னும் கணித ஆசிரியரின் இல்லத்தில் இருந்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி விடுதி அறைக்குக் குடிபெயர்ந்தார். கல்லூரி மண்டபத்தில் எல்லாரும் உண்ணும் மேசை அவருக்கு உகந்ததாக இல்லை. உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வறுத்திருப்பார்களோ என்னும் ஐயம் அவரை விட்டகலவில்லை. ஆகவே தம் அறையிலேயே அடுப்பு மூட்டித் தாமே சமைத்து உண்டார். சமைக்குமுன் உடை மாற்றிக்கொள்ளும் ஆசாரத்தையும் கேம்பிரிட்ஜ் குளிரிலும் அவர் விடவில்லை என்று பேராசிரியர் ஹார்டி எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அடுப்பங்கரையில்தான் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி நடந்தது. பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராக விளங்கிய மகலநோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். 1914-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் புதிர்க்கணக்கை அவர் படித்துக் காட்ட, ராமானுஜன் அடுப்பிலிருந்த சட்டியைக் கிளறிக்கொண்டே, விடையை மட்டுமின்றி அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் பொருந்தும் தொடர்பின்னம் ஒன்றையும் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தாராம்.

இன்னொரு நிகழ்ச்சி மகிழ்ச்சி தருவதன்று. இந்திய நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணையும் தோழியுடன் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை நீட்டியபோது பெண்கள் இருவரும் போதுமென்றனர். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. நான்கு நாள் சென்றபின் ஆக்ஸ்போர்டு நகரிலிருந்து திரும்பி வந்தார். தாம் இட்டதை அவர்கள் வேண்டாமென்றதை மனம் தாங்கவில்லையாம். "இன்னும் கொஞ்சம்" என்று இலையில் சரித்துப் பழகிய நமக்கு அது விளங்கும். ஆயினும் எவ்வளவு நாள் எவருக்கும் பரிமாறாமல், எவருடனும் உண்ணாமல் இருந்திருந்தால் ஒரு கரண்டி ரசம் அவ்வளவு பெரிதாயிருக்கும் என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு கனக்கிறது.

முதல் உலகப் போர் மூண்டபின் உணவுப் பொருள்கள் அருகின. இரவும் பகலும் கணக்கில் மூழ்கியவர் வேளை தவறிச் சமைத்தார். 1917-இல் நோயுற்றார். மருத்துவமனைகளிலும் சானடோரியங்களிலும் அவருடைய சைவ விரதம் பெருந்தொல்லையாயிற்று. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார்; 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். க்ஷயம் என்று அன்றைய மருத்துவர் எண்ணினர். சென்னையிலேயே தொற்றியிருந்த அமீபா ஈரலைத் தாக்கியிருக்கலாம் என்று 1994-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே சைவ உணவுதான் அவரைக் கொன்றது என்று சிலர் கூறுவது தவறு. தனியே உண்டதுதான் அவரை வாட்டியது என்பது என் கருத்து. அதே விரதம் பூண்ட காந்திக்கு ஒரு கழகம் கிடைத்தது. ராமானுஜனுக்குக் கிடைத்தது ஓர் அறையும் அடுப்பும்.

இவ்விருவரும் தாமே பந்தியை விட்டு விலகியவர்கள். பந்தி விலக்கி வைத்த ஒருவரையும் காண வேண்டும். பரோடா மன்னர் அளித்த மாதம் 11 பவுன் 10 ஷில்லிங் உதவித்தொகையோடு 1913-ஆம் ஆண்டு ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தை அடைந்தார். முதலில் சேர்ந்த ஹார்ட்லி மண்டப விடுதியில் சமையல் நன்றாக இல்லை, மாட்டிறைச்சியும் மிகுதி. ஒரு வாரத்தில் அதை விட்டு, பல நாட்டு மாணவரும் தங்கும் காஸ்மோபாலிடன் கழகத்திற்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் மண்டபத்தில் நவல் பதேனா என்னும் பார்ஸி மாணவருடன் தங்கினார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. இந்த உணவு வேண்டாம், இன்னதுதான் வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு அந்நிய நாட்டில் இருந்தது.

தாய்நாட்டில்? படிப்பிற்குக் கைம்மாறாக ஊழியம் செய்ய 1917-இல் பரோடா வந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவருக்கு அந்நகரத்து இந்து விடுதி எதிலும் இடமில்லை. உணவும் உறைவிடமும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் பார்ஸி விடுதி ஒன்றில், பார்ஸிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பன்னிரண்டு பேர் கையில் தடியுடன் படியேறி வந்தனர். மாலைக்குள் வெளியேறாவிடில் நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றனர். இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர் ஆக இருவரிடம் இடம் கேட்டார்; இருவரும் சாக்குச் சொல்லிவிட்டனர். பூங்காவொன்றில் அமர்ந்திருந்துவிட்டு இரவு ஒன்பது மணி இரயிலில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவில் கற்றுத் தேர்ந்தவர், மன்னர் அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர், ஒன்றரை ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டும் ஒரு வேளைச் சோற்றுக்கு இடமின்றி நின்ற ஊர் அது.

நம் தமிழகம் மட்டும் எப்படியிருந்தது? அக்காலத்தில் சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்கவும் உண்ணவும் இடம் கிடைப்பது அரிது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் இருந்த சாப்பாட்டு விடுதிகளைப் பெரும்பாலும் பிராமணர் நடத்தினர். அங்கே மற்றையோர் அமர்ந்து உண்ண இயலாது. சோறு கிடைக்காமையால் படிப்பை விட்டு ஊர் திரும்பியோரும் இருந்தனர். இக்குறையை நீக்க டாக்டர் சி. நடேச முதலியார் 1916-இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் மாணவர் விடுதியைத் திறந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் அவ்விடுதியில் தங்கிப் படித்தவர்களுள் ஒருவர். அந்த ஒரு விடுதி எத்தனை குடும்பங்களின் தலைவிதியை மாற்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றுள் மிக்க துயரமானது சேரன்மாதேவிக் கதை. அதைச் சொல்லுமுன் மீண்டும் லண்டனுக்குச் சென்றாக வேண்டும். வரகனேரி வே. சுப்பிரமணிய ஐயர் 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்கு அங்கே சென்று, இந்திய மாணவர் தங்கிய 'இந்தியா ஹவுஸ்' விடுதியைச் சேர்ந்தார். 1909 அக்டோபரில் இந்திய மாணவர் தசரா விருந்தொன்று நடத்த விழைந்து, அப்போது தென்னாப்பிரிக்கத் தமிழர் முதலியோர் பொருட்டு அங்கு வந்திருந்த காந்தியைத் தலைமை தாங்க அழைத்தனர். உணவு சைவமாயிருக்க வேண்டும், சச்சரவுக்கிடமான அரசியல் பேசலாகாது என்னும் இரு நிபந்தனைகளுடன் அவர் இசைந்தார். மாணவர்களே சமைத்தனர். அவர்களுள் திருச்சி டாக்டர் தி. சே. சௌ. ராஜன் ஒருவர். மெலிந்த உருவினர் ஒருவர் முன்கூட்டியே வந்து பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் முனைந்தாராம். ஐயர் வந்து பார்த்த பின்னரே, அன்றைய விருந்தின் தலைவரே அவர் என்பது தெரிந்தது. மாறுபட்ட கொள்கையினர் எல்லாரும் அன்று ஒன்றாகவே உண்டனர். பரீட்சையில் தேறியும் அரச விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த ஐயர், 1910-இல் மாறுவேடம் பூண்டு தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார்.

அதே ஐயர் 1922-ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் உதவ இசைந்து முதலில் ஐயாயிரம் கொடுத்தது. பல சாதிப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். பிராமண மாணவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் விரும்பியவாறு, தனி இடத்தில் உணவு படைக்கப்பட்டது. இரண்டே பிள்ளைகள், இரண்டே இலைகள். ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் தேசியக் குருகுலத்தில் அந்த இரண்டு இலைகளை ஏன் தனியே போட வேண்டும் என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் எழுப்பிய வினாவுக்கு எவராலும் சரியான விடை கூற முடியவில்லை. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கை மீறலாகாதென்பது ஐயர் தரப்பு. அவ்விருவர் மட்டில் வாக்கைக் காப்பாற்றி, இனி எவரையும் அந்நிபந்தனையுடன் சேர்க்கலாகாது என்பது காந்தியடிகள் சொன்ன வழி. தமிழ்நாடெங்கும் தீ மூண்டுவிட்ட பிறகு அவ்வழி எடுபடவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதென்று 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் குழு தீர்மானித்தது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மாணவருடன் பாபநாசம் அருவிக்குச் சென்றபோது நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கக் குதித்தார், இருவரும் மீளவில்லை. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அம்மன வேறுபாட்டுக்கு வித்திட்டவற்றுள் சேரன்மாதேவிப் பந்தியும் ஒன்று.

ஐயரின் தியாகத்திற்குத் தலை வணங்குபவன் நான். ஆயினும் ஒரு பிள்ளை இன்னது உண்பேன், இன்னது உண்ணேன் என்பது வேறு. இன்னாருடன் அமர்ந்து உண்ணேன் என்பது வேறு. முன்னதற்கு விடுதியார் இடம் தர வேண்டும். பின்னதற்கு அன்றே இடம் தந்திருக்கக் கூடாது. குழம்பில் என்ன இருக்கிறது என்று கேட்பவனைக் கோபிக்க முடியாது. பக்கத்து இலை யாருடையது என்று கேட்பவனோடு பேசிப் பயனில்லை.

நம் இரயில்வேயும் இவ்விஷயத்தில் தூய்மையாக இருந்ததில்லை. தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம் பல்லாண்டு இருந்து, கிளர்ச்சியின் பயனாக 1941-இல்தான் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மதம் பற்றி எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் கல்வி நிலையங்களையும் அவற்றைச் சேர்ந்த விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

சட்டம் வருமுன்பே, ஊரை விட்டு வந்தவர்களின் தேவை பல இடங்களில் தனி வழி கண்டுவிட்டது. பம்பாய் மாதுங்காவை அறியாதார் நம்முள் இலர். தென்னிந்தியர் குடியேறிய அப்பகுதிக்கு விக்டோரியா ஜூபிலி தொழிற்கல்லூரி 1923-இல் இடம் பெயர்ந்தது; 1937-இல் ரூயா கல்லூரி தோன்றியது; 1943-இல் பல்கலைக் கழக இரசாயனத் தொழில்நுட்பத் துறை வந்தது. 1932-இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஏற்பட்டிருந்தது. மாணவரும் குமாஸ்தாக்களும் பெருகப் பெருகச் சாப்பாட்டு விடுதிகளும் பெருகின. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த அ. ராம நாயக் 1942-இல் மாதுங்கா நிலையத்தருகே தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் அவற்றுள் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே பம்பாயில் ரேஷன் வந்துவிட்டது. அக்காலத்தில் அரிசிச் சோறு போடுவது எளிய காரியமன்று. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று நம்மவர் குறை கூறுவதுண்டு. கூறிக்கொண்டே இரண்டாம் முறை ஊற்றச் சொல்வதும் உண்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். கல்லூரி உணவில் பணம் வாங்கும் முறைகள் மூன்று. மாதக் கட்டணம் கட்டிவிட்டு, உண்டாலும் உண்ணாவிட்டாலும் அதையே கொடுப்பது ஒன்று. உண்ணும் வேளைக்குக் கூப்பன் கிழித்துக் கொடுப்பது மற்றொன்று. மூன்றாவதை நம் தென்னாட்டு விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்பர். மாதச் செலவு முழுவதையும் கூட்டி உண்டவர்க்குள் பங்கிடுவது. கல்கத்தாவில் கிராமங்களிலிருந்து வந்த மாணவரும் எழுத்தர்களும் நடத்திய 'மெஸ் பாடி' என்னும் வீடுகளில் இம்முறை மிக நுட்பமாக வளர்ந்தது. மாதம் ஒருவர் மானேஜர். அவரே சந்தைக்குப் போவார். ஒவ்வொருவரும் உண்ட வேளை புத்தகத்தில் ஏறும். மாத முடிவில் செலவு 1,20,000 ரூபாய், உண்ட வேளைகள் 2,400 என்று வைத்துக்கொண்டால் வேளைக்கு 50 ரூபாய். அறுபது வேளை உண்டவர் 3,000 கொடுப்பார். நாற்பத்திரண்டு வேளை உண்டவர் 2,100 கொடுப்பார். விருந்தாளியை அழைத்து வந்தவர் அவ்வேளையையும் தம் கணக்கில் ஏற்றிக்கொள்வார்.

எங்கள் எண்மர் மெஸ்ஸிலும் இதுவே முறை. சண்டை வந்ததெல்லாம் நெய்யினால்தான். ஒருவர் நெய் தொடமாட்டார். ஒருவர் கரண்டியால் ஊற்றிக்கொள்வார். பங்கு மட்டும் சமம். முடிவில் நெய்யைப் பொதுக்கணக்கிலிருந்து நீக்கி அவரவர் புட்டி அவரவரிடம் என்று செய்தோம். அன்றுமுதல் அமைதி நிலவியது. பெரிய விடுதிகளிலும் முட்டை, இறைச்சி, தயிர் முதலியவற்றைத் தனிக் கணக்கில் வைப்பதன் நியாயம் இதுவே. சைவப் பிள்ளை அசைவத்திற்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஒரே மண்டபத்தில் இருவரும் அடுத்தடுத்து அமரவும் தடையில்லை.

எம்முறை எவர்க்குப் பொருந்தும் என்பது பிள்ளையின் பழக்கத்தைப் பொறுத்தது. மூன்று வேளையும் தவறாமல் உண்டு, ஞாயிறன்றும் விடுதியிலேயே கிடக்கும் பிள்ளைக்கு மாதக் கட்டணம் இலாபம். காலையில் எழாதவன், உறவினர் வீட்டுக்கு வாரந்தோறும் போகிறவன், ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் இருப்பவன் ஆகியோருக்குக் கூப்பனே ஏற்றது. பங்கீட்டு முறையில் விலை குறையும். ஆனால் கணக்குக் குழுவில் நல்ல பிள்ளைகள் வேண்டும். நம் பிள்ளை அக்குழுவில் சேர்வானாயின் அரிசி மூட்டையின் எடையும் எண்ணெய் விலையும் தெரிந்துகொள்வான். மற்ற மாநிலத்துப் பிள்ளைகள் வீட்டில் என்ன உண்கிறார்கள் என்பதையும் அறிவான். அறையில் மின்னடுப்பு வைத்துத் தனியே சமைத்துக்கொள்வதாகச் சொல்லும் பிள்ளையைத்தான் நான் தடுப்பேன். விடுதி விதியும் பெரும்பாலும் தடுக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். விடுப்பு நாள்களுக்கு உணவுக் கட்டணத்தில் கழிவு தரும் விடுதிகள் பல உண்டு. அதை 'மெஸ் ரிடக்ஷன்' என்பர். தொடர்ந்து இத்தனை நாள் இல்லாதிருக்க வேண்டும் என்றும், புறப்படுமுன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கும். திரும்பி வந்து கேட்டால் கிடைக்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் நம் பிள்ளைகள் டிக்கெட் முன்பதிவு செய்த அன்றே அக்கடிதத்தையும் எழுதி மெஸ் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளட்டும்.